வெஸ்ட்மூர் வண்டியின் மூன்று போல்ட்டுகள்

ஐயா, நேற்று நீங்கள் வந்து இறங்கிய போலீஸ் இலாகா வண்டி நீலப் புகை விடுகிறது. உங்கள் டிரைவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போய்விட்டார். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே கசிகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. சீக்கிரம் கவனித்தால் சின்ன வேலையோடு போகும்.

காகிதமும் பேனாவும் கேட்டேன், கொடுத்தீர்கள், நன்றி. வாயால் சொன்னால் எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடுவார். ஏற்கெனவே ஒருவர் அப்படிச் சுருக்கியதால்தான் நான் இங்கே வர வேண்டியதாயிற்று.

என் பெயர் மணவாளன். குமணன்சாவடி கூட்டுரோட்டில் மோட்டார் ஷெட் வைத்திருக்கிறேன். அதற்கு முன் மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே அமெரிக்க ஆல்டன் வண்டிகள் மட்டும்தான் வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆல்டன் என்ஜினைப் பிரித்துப் பூட்டுவேன். ஆவடி, பட்டாபிராம் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. விஷயம் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஷெட்டில் பேச்சுக் கச்சேரி நடக்கும். தோல் வியாபாரி ஹபிபுல்லா பாய் ஆல்டன் கட்சி. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் சொந்த பஸ் ஓட்டிய நாகப்பன், சீமையிலிருந்து வரும் வெஸ்ட்மூர் கட்சி. பாய் ஆரம்பித்து வைப்பார்.

"இன்னா நாகப்பா, கொசுவுக்குப் புகை போட்டுகினு வர்றியா?"

"புகை வந்தா இன்னா பாய், ஊடு போய்ச் சேருது. உன் ஆல்டனு எந்தப் புளியமரத்தாண்ட நிக்கும்னு அதுக்கே தெரியாது."

அப்புறம் இருவரும் என் பக்கம் திரும்புவார்கள். "அண்ணாத்தே, நீயே ஒரு முடிவு சொல்லு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு சொல்வேன். வெஸ்ட்மூர் எண்ணெய் குடிக்கிற என்ஜின், யார் பூட்டினாலும் அது அப்படித்தான். நாகப்பன் அதை ஒப்புக்கொள்வான். அவனுடைய பஸ் என்ஜினை முப்பத்து நாலில் புதுப்பித்துக் கொடுத்தவனே நான்தான். அதற்குப் பிறகுதான் புகை அதிகமாயிற்று. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், பிறகு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், பிறகு இவன் பஸ்ஸில் ஆளே ஏறவில்லை. கடைசியில் என் பேச்சைக் கேட்டுப் பஸ்ஸை விற்றுவிட்டான். திருவேங்கட முதலியாரின் காருக்கு டிரைவராகப் போனான்.

முதலியாருக்குப் பூந்தமல்லியில் நெல் மில். அவருடைய காரும் வெஸ்ட்மூர்தான். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்த பெரிய வண்டி. அந்த என்ஜினையும் நான்தான் புதுப்பித்தேன், அதுவும் நீலப் புகைதான் விட்டது. மற்றவர்கள் திட்டுவார்கள், இவர் திட்டவில்லை. சீமைக்கே எழுதி அந்த வண்டியின் புத்தகத்தை வரவழைத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாராயணம் செய்கிற மாதிரி தினமும் படித்தார். படித்தவர்கள் படிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன கார்த்திகையில் என்ஜினை மறுபடி பிரிக்கச் சொன்னார். புத்தகத்தோடு வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நாகப்பனை மில்லுக்கு ஏதோ வேலையாக அனுப்பியிருந்தார். முதல் பிஸ்டனை வெளியே எடுத்தேன். அவர் அதைச் சுற்றி மாட்டியிருந்த ரிங்கைப் பார்த்தார், புத்தகத்தில் படத்தைப் பார்த்தார், மறுபடி ரிங்கைப் பார்த்தார்.

"மணவாளா, இந்தப் பள்ளம் கீழ்ப்பக்கமா இருக்கணும்னு போட்டிருக்குதே. நீ மேலே வெச்சிகினு கீறே."

எண்ணெயைக் கீழே வழித்துவிட வேண்டிய ரிங் அது. தலைகீழாகப் போட்டால் எண்ணெயை மேலே ஏற்றும், ஏறிய எண்ணெய் எரியும். மற்ற ஐந்து பிஸ்டன்களையும் எடுத்தேன். ஆறும் ஒரே மாதிரி இருந்தன.

ஆல்டன் ரிங்கில் பள்ளம் மேலே பார்த்துத்தான் இருக்கும். பதினோரு வருஷம் பழகிய கை, பழகியபடி செய்தது. இதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு தேசத்துக் கம்பெனிக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே மாதிரி செய்திருக்கலாம்.

முதலியார் இழுப்பு வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"வுடு. கை பழக்கம். இத யார் கிட்டயும் சொல்லிகினு திரிய மாட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். புத்தகத்தை மூடிக்கொண்டே சொன்னார்: "நாகப்பனுக்கு மட்டும் தெரியணும்பா. அவன் ஊட்டுக்குச் சோறு போட்ட வண்டி. ஒரு கோளாறும் இல்லாத வண்டிய வித்துட்டு இப்ப எனக்குக் கதவு திறக்கிறான். நீயே பக்குவமா சொல்லிடு. பொங்கலுக்குள்ள சொல்லு. இல்லாங்காட்டி நான் சொல்லும்படி ஆயிடும்."

"சரிங்க முதலியார்" என்றேன்.

எனக்குப் பயமாக இருந்தது ஐயா. அடி உதைக்குப் பயந்தவன் இல்லை நான். நாகப்பனுக்குத் தெரிந்தால் பாய்க்குத் தெரியும், பாய்க்குத் தெரிந்தால் கூட்டுரோட்டுக்கே தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேச்சு நடுவில் என் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

சொல்லிப் பார்க்கவும் செய்தேன். ஒரு நாள் நாகப்பனைக் கூப்பிட்டு, உன் பழைய பஸ் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். "அத இன்னாத்துக்கு இப்போ கிளறிகினு, அண்ணாத்தே? வெஸ்ட்மூரு வாணாம்னு நீ தலப்பாடா அடிச்சிகினே. நான்தான் கேக்கல" என்றான். இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மவுண்ட் ரோட்டில் நான் இருந்த காலத்தில் ஒரு பிட்டர் செத்துப்போனான். அடைமழை என்று ஷெட் கதவுகளைச் சாத்திக்கொண்டு, புது ரிங் போட்ட ஆல்டனை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் கதவைத் திறந்தபோது தூங்குகிறவன்போல இருந்தான், முகம்கூடச் சிவப்பாகத்தான் இருந்தது. நல்ல என்ஜின், கண்ணுக்குப் புகையே தெரியாது, ஆனால் அது விடுகிற காற்றில் விஷம் உண்டு. எண்ணெய் எரிகிற என்ஜினாக இருந்தால் நெடி தாங்காமல் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்திருப்பான் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். நெடி அடிக்கிற புகை மனிதனை எழுப்பிவிடும்.

ஆகவே முதலியார் வண்டியில் முதலில் எண்ணெய்ப் புகையை நிறுத்த வேண்டியிருந்தது.

மார்கழியில் பூட்ட ஆரம்பித்துப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் போட்டிருந்தபடி ஒவ்வொரு ரிங்கையும் அளந்து, தேய்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்டேன். என் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக ஓர் என்ஜினைப் பூட்டியதில்லை. கடைசியில் பின் சீட்டுக்கு அடியில் புகைக் குழாயும் சைலன்சரும் சேருகிற இடத்துக்கு வந்தேன். அங்கே மூன்று போல்ட் வரும். அவற்றைப் போடவில்லை. சூடு ஏறும்வரை தாங்கட்டும் என்று ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றினேன். பின் சீட்டின் கால்மிதிக்குக் கீழே பலகை இடுக்கை அடைத்திருந்த கம்பளியையும் உருவிவிட்டேன். வேலை அவ்வளவுதான்.

நாகப்பனைப் பற்றி யோசிக்காமல் இல்லை. திரும்பும்போது கை காட்டுவதற்காக அவன் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருக்கும். முதுகுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பார்த்துத்தான் செய்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஒப்படைத்த மறுநாள், மார்கழி இருபத்து நாலாம் தேதி விடியற்காலை, முதலியார் இழுப்புக்கு மருந்து வாங்க வேலூர் வைத்தியரிடம் புறப்பட்டார். தனியாகப் போவதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார். வண்டியை என் ஷெட் எதிரில் நிறுத்தச் சொன்னார். டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், பாயும் இருந்தார். முதலியார் சால்வையோடு இறங்கித் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பாயிடம் நீட்டினார்.

"பின்னாடி குழாயாண்ட புடிச்சிப் பாரு பாய்."

பாய் குனிந்து பிடித்தார். நாகப்பன் ஆக்சிலேட்டரை மிதித்தான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோத்துட்டேன் முதலியாரே" என்றார்.

"நம்ம மணவாளன் கை பட்டா சீமை என்ஜினும் சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் முதலியார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரிங் விஷயத்தை அவர் கண்ணாலும் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்திருந்தது.

கதவைத் திறந்துவிடப் போனபோதுதான் பின் சீட்டில் அவர் மனைவி வேம்புலியம்மாள் இருப்பதைப் பார்த்தேன்.

"அம்மா, நீங்களும் போறீங்களா?"

"தனியா அனுப்ப மனசு வரலப்பா. நேத்தெல்லாம் இழுத்துகினே இருந்தாரு."

முதலியார் ஏறி உட்கார்ந்தார். அந்த அம்மாள் அவர் காதைச் சால்வையால் மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் ஏத்திடு மணவாளா. பனி அவருக்கு ஆவாது."

எனக்கு நேரம் இருந்தது. பத்து நிமிஷம் போதும். ஸ்பேனர் இடுப்பில் இருந்தது, போல்ட்டுகள் ஷெட்டுக்குள் இருந்தன. ஆனால் என்ன சொல்லி நிறுத்துவது? கைக்குட்டையைப் பார்த்துவிட்டு அத்தனை பேர் நிற்கிறார்கள். வேலை முடிந்தது என்று ஒப்படைத்த வண்டியை, மூன்று போல்ட் போட மறந்துபோனேன் என்று சொல்லித்தானே நிறுத்த வேண்டும்? எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் மறந்தேன் என்கிற அந்த வார்த்தை வந்தது. கண்ணாடியை ஏற்றினேன். கதவைச் சாத்தினேன். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தேன்.

மீதியை நாகப்பன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வண்டிக்கு அடியில் சத்தம் கேட்டதாம். திரும்பி வந்து அண்ணாத்தேயிடம் காட்டிக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டே போயிருக்கிறான். பின்னால் இருவரும் தூங்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். ஓச்சேரியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட இறங்கியவன், காபி வேண்டுமா என்று கேட்பதற்காகப் பின் கதவைத் திறந்திருக்கிறான். அந்த அம்மாளின் கை சால்வை மேலேயே இருந்ததாம். அவரை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நாகப்பனைப் பத்தொன்பது நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அவன் மனைவி கன்னியம்மாள் பொங்கல் அன்றைக்கு என் ஷெட்டுக்கு வந்து, "நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா வுட்டுருவாங்க அண்ணாத்தே. வண்டி விஷயத்துல உன் பேச்சுக்கு மறுபேச்சு கீதா?" என்று அழுதாள். வருகிறேன் என்று சொன்னேன். வேலை இருந்தது, வர முடியவில்லை.

பிறகுதான் பட்டணத்திலிருந்து வந்த மோட்டார் பரிசோதகர் அறிக்கை கொடுத்தார். டீக்கடையில் பாய் பேப்பரை உரக்கப் படித்தார். வண்டியைப் பழுது பார்த்தவர் மூன்று போல்ட்டுகளைப் போட மறந்துவிட்டார், கவனக்குறைவால் நேர்ந்த விபத்து, டிரைவர் மேல் குற்றமில்லை. படித்துவிட்டு யாரும் என்னைத் திட்டவில்லை. பாய் எழுந்து வந்து, "வுடு மாமே. மனுஷன்னா மறக்கத்தான் செய்வான்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். அம்பத்தூரிலிருந்து வேலைக்கு வந்து நின்ற ஒரு வண்டியை, அவசரமில்லை என்று சொல்லி அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நாலாம் நாள் உங்களிடம் நடந்து வந்தேன்.

என் ஷெட்டில் மேல் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் மூன்று போல்ட்டுகளும் வாஷர்களும் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வெஸ்ட்மூர், பின் சீட் அடி என்று என் கையெழுத்தில் சீட்டும் இருக்கும். மறந்தவன் இப்படி எடுத்து வைப்பானா என்று உங்கள் பரிசோதகரைக் கேளுங்கள். இருவரையும் நான் கொன்றேன், யோசித்துச் செய்தேன். அதற்குச் சட்டத்தில் என்ன உண்டோ கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அறிக்கையில் மறதி, கவனக்குறைவு என்று இருக்கிற இரண்டு சொற்களை மட்டும் அடித்துவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு வேலை தவறிப்போனது என்று கிடையாது.

இன்னும் ஒன்று. நாகப்பனுக்குப் படிக்கத் தெரியாது. இதை அவனுக்கு யாராவது படித்துக் காட்ட நேர்ந்தால், ரிங் விஷயம் வருகிற பக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.