இடுப்புல ரெண்டு இன்ச்

அவசரமே இல்லம்மா, தாழ்ப்பாளத் திறக்க வேணாம். அழுது முடிச்சுட்டே வாங்க. மேடம்னு கூப்பிடணும்னு இங்க ரூலு. ஜிப்பு பாதியில நிக்கறவங்கள எப்படி மேடம்ங்கறது, சொல்லுங்க. தினம் நாலு பேராவது இந்த ட்ரயல் ரூம்ல அழறாங்க. ஒரு டிஷ்யூ பெட்டி வைங்கன்னேன், மேனேஜர் இன்னொரு கண்ணாடிய மாட்டிட்டுப் போனாரு.

என்னது, குண்டாயிட்டீங்களா? யாரு சொன்னா, பேண்ட்டா? அது யார் இடுப்பப் பாத்து வெட்டினதுன்னு தெரியுமா? என் இடுப்பும்மா. சிரிக்காதீங்க, நெசமாத்தான். இந்தக் கம்பெனியில ஒன்பது வருஷம் நான்தான் ஃபிட்டிங் பொண்ணு. துணி வெட்டற மாஸ்டர் என் மேல வெள்ளைத் துணியப் போட்டு குண்டூசி குத்துவாரு, அதுதான் எல்லாருக்கும் அளவு. ஊர்ல இருக்கற பொம்பளைங்க பூரா என் உடம்புக்குள்ள நுழையப் பாத்து, முடியாம, தன்னையே திட்டிக்கிட்டாங்க. எனக்கு என்னமோ பெருமையாத்தான் இருந்துச்சு, மறைப்பானேன்.

மாஸ்டர் ரூம் சுவரெல்லாம் பழைய காலத்துப் படம். ஒரு காலத்துல எலும்பு வச்ச கச்சையால இடுப்ப இறுக்கினாங்களாம், மூச்சு விட்டா மரியாதைக் கொறைச்சல். அப்புறம் பின்னாடி மெத்தை கட்டுன்னாங்க, உக்கார வழியில்ல. அப்புறம் நெஞ்சே தெரியக் கூடாதுன்னு அமுக்கிக் கட்டச் சொன்னாங்க. சரின்னு அமுக்கி முடிக்கறதுக்குள்ள, கூம்பு மாதிரி நிக்கணும்னு மாத்திட்டாங்க. இருக்கறது ஒரு உடம்பு, எத்தனை பேருக்குத்தான் ஈடு குடுக்கறது. ஆம்பளைக்கு அன்னையிலேருந்து என்ன கவலை? பாக்கெட்டு எங்க வைக்கறதுங்கறது ஒண்ணுதான்.

இருங்க, கதவு மேல ஒரு கறுப்புப் பேண்ட்டு போடறேன். அதே நம்பர்தான். போட்டுத்தான் பாருங்களேன்.

எனக்கு மாசாமாசம் டேப் பிடிப்பாங்க. அரை இன்ச் ஏறினா எச்சரிக்கை, ஒரு இன்ச்னா வேற ஆளு. கடைசி வருஷம் நான் முழுகாம இருந்தேன். வீட்டுக்காரருக்கு அப்ப வேலையில்ல, அதனால கம்பெனியில மறைச்சுட்டேன். மாஸ்டர் டேப்பப் பிடிச்சாரு, நிமிந்து என் மூஞ்சியப் பாத்தாரு, நோட்டுல பழைய நம்பரையே எழுதிட்டாரு. நோட்டுல பொய் எழுதின மனுசனுக்கு துணியில பொய் வெட்டத் தெரியல. இருக்கற இடுப்புக்குத்தான் வெட்டினாரு.

ஏறிடுச்சா? கொக்கி கூடவா? அதான் சொன்னேன்ல.

அப்படி வெட்டின இந்தக் கறுப்பு மாடல் வித்த மாதிரி எதுவும் வித்ததில்ல. நம்பர் பழசு, உள்ள ரெண்டு இன்ச் கூட. இளைச்சுட்டேன் இளைச்சுட்டேன்னு ஒவ்வொருத்தியும் ரெண்டு ரெண்டா வாங்கினா. ஒரு அம்மா கேக் வாங்கிட்டு வந்து கடைக்கே குடுத்துச்சு. காரணம் தெரியாமலே முதலாளி இந்த மாடல்ல யாரும் கைவைக்கக் கூடாதுன்னுட்டாரு. இன்னைக்கும் அதே வெட்டுதான்.

என்னைக் கண்டுபிடிக்கலையான்னு கேக்கறீங்களா? முதலாளி வர்ற அன்னைக்கெல்லாம் வயித்தச் சுத்தி துணிய இறுக்கிக் கட்டிட்டு நிப்பேன். சுவத்துல இருக்கற படத்துக்காரிங்களப் பாத்து அவ்வளவு சிரிச்சவ நான். ரெண்டு மாசம் அப்படியே ஓட்டினேன். அதுக்கப்புறம் இடுப்பு பழைய அளவுக்குத் திரும்பல, இந்த ஸ்டூலக் குடுத்து உக்கார வச்சுட்டாங்க. கால் வலிக்காத வேலை, குத்தம் சொல்ல மாட்டேன்.

குழந்தையா? அது தங்கலம்மா. அஞ்சாம் மாசம். கட்டினதாலயான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன், அப்படிச் சொல்ல முடியாதுன்னாங்க. பொண்ணுன்னு மட்டும் சொன்னாங்க. இப்ப நீங்க போட்டிருக்கீங்கல்ல, அதுல கூட இருக்கற ரெண்டு இன்ச் அவ இருந்த இடம்.

அட, நீங்க எதுக்கு மறுபடியும் அழறீங்க. இடுப்ப இறுக்கிப் பிடிக்காம இருக்குல்ல, அது போதும். பில் போடச் சொல்லவா?