பத்திரிகையில் ரெண்டு குணசுந்தரி

— நர்மதான்னு மாத்திக்கினா நீ இன்னா கொறஞ்சா பூடுவ? அழகான பேரு. ப்ரெஸ்காரரு கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப்ல அடிச்சே வெச்சுட்டாரு, தோ பாரு.

— அழகாதான் கீது அத்தை. ஆனா அது நான் இல்லையே. எங்கப்பா வெச்ச பேரு குணசுந்தரி. இருபத்தஞ்சு வருஷமா அப்டிக் கூப்ட்டாதான் திரும்பிப் பாக்கறேன். ஆபீஸ்ல நான் கையெழுத்துப் போடற ரிப்போர்ட்டுல எல்லாம் அதான் கீது.

— அதாம்மா பேஜாரே. நீயும் குணசுந்தரி, நானும் குணசுந்தரி. நாளைக்கு என் புள்ள ஜெகன் பொண்டாட்டிய எப்டிக் கூப்புடுவான்? பெத்தவ பேர சொல்லி 'ஏய், தண்ணி எடுத்துனு வா'ன்னுவானா? நான் உன்னத் திட்டினாக்கூட என்னையே திட்டிக்கினா மாதிரி ஆவும்.

— அப்போ திட்டாம இருங்க. எனக்கு லாபம்.

— வாயப் பாரு. அவன கேட்டா, 'நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க'ன்னுட்டு அத்திப்பட்டுக்கு ஷிப்டுக்கு ஓடிட்டான். இங்க மீஞ்சூர் ப்ரெஸ்ல நான் உன்னோட மல்லு கட்டிக்கினு கீறேன்.

— அம்மா, சட்டுனு சொல்லுங்க. முகூர்த்த மாசம். உங்க பின்னால ஏழு கல்யாணம் வரிசையில நிக்குது.

— ரெண்டே நிமிஷம் ஆதிநாராயணண்ணே. அத்தை, ஒண்ணு சொல்லட்டுமா? காட்டுப்பள்ளி துறைமுகத்துல எனக்கு இன்னா வேலன்னு தெரியும்ல?

— மண்ண சலிச்சு நத்தை எண்ணற வேல. ஜெகன் சொன்ன அன்னிக்கு ஊட்ல எல்லாரும் சிரிச்சோம்.

— கடலுக்கு அடியில கீற மண்ணு. அதுல ஒரு நத்தை வரும், ஓடு அத்திப்பழம் மாதிரியே இருக்கும். புஸ்தகத்துல அதுக்குப் பேரு ஃபைகஸ். உங்க ஊட்டுக்குப் பின்னால அத்திமரம் நிக்குதே, அதுக்கும் ஃபைகஸ்தான். மரத்துக்குப் பேரு வெக்கறவங்க வேற, ஜந்துவுக்கு வெக்கறவங்க வேற. யாரும் கொழம்பறதில்ல. பழம் பறிக்கப் போனவன் நத்தையப் பறிச்சுக்கினு வந்துட்டான்னு இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல.

— அப்போ நான் மரமா, நத்தையா?

— நீங்க மரம். நான்தான் ஊட்ட முதுகுல தூக்கினு உங்க நெழலுக்கு வர்றேன்.

— பேசியே ஆளக் கவுத்துடுவ. சரி, ரெண்டு மரத்துக்கு ஒரே பேரு வெக்க உடுவாங்களா?

— அது... உடமாட்டாங்க. மொதல்ல வெச்ச மரத்துக்குதான் அந்தப் பேரு. ரெண்டாவது மரத்துக்கு மாத்திடுவாங்க.

— பாத்தியா? நாம ரெண்டு பேரும் ஒரே அடுப்புல ஒல வெக்கப் போறோம். ரெண்டும் மரம்தான். நான் மூத்த மரம். அண்ணே, நர்மதாவே இருக்கட்டும்.

— அப்போ அச்சடிக்க ப்ளேட்டு போட்டுர்றேம்மா.

— போடாதீங்கண்ணே. அத்தை, உங்கள யாராச்சும் இப்டி மாத்திக்கச் சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா?

— உட்டேனே. எங்க மாமியாருக்கும் எனக்கும் ஒரே பேரு. தாலி கட்டிக்கினு ஊட்டுக்குள்ள கால் வெக்கறேன், எங்க மாமனாரு வெத்தலத் தட்டப் பாத்துக்கினே, 'இனிமே இது குணசுந்தரி'ன்னாரு. என்னிய ஒரு வார்த்த கேக்கல. மொத மாசம் பூரா யாரோ யாரையோ கூப்புடறாங்கன்னு நான் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிக்கினு இருப்பேன். பொண்ணு செவுடுன்னு எங்க நாத்தனா தெருவெல்லாம் சொல்லிட்டா. அப்பால பழகிப் பூட்ச்சு. மாமியாரு செத்தே பதிமூணு வருஷம் ஆவுது. ஆதாரு, ரேஷன் கார்டு, எல்லாத்துலயும் அதான்.

— உங்க பேரு இன்னா அத்தை?

— இப்போ கேட்டு இன்னா பண்ணப் போற? எங்க நைனா வெச்சாரு. அவரோட போச்சு.

— இன்னொரு ரூலு கீது அத்தை, சொல்லட்டுமா? ஒரே நத்தைக்கு ரெண்டு தடவ பேரு வெச்சுட்டாங்கன்னா, மொதல்ல வெச்சதுதான் செல்லும். பின்னால வெச்சத எடுத்துடுவாங்க. அதான் நர்மதா எனக்கு வேணாங்கறேன்.

— முப்பது வருஷம் கழிச்சுத் தெரிஞ்சாக்கூடவா?

— நூறு வருஷம் ஆனாக்கூட.

— அத்தினி வருஷம் அந்தப் பேராலயே கூப்ட்டிருப்பாங்களேம்மா. அதுக்கே பழகியிருக்குமே.

— நத்தை இன்னா பண்ணும் அத்தை? அது பாட்டுக்கு அதுவாதான் இருந்துச்சு. தப்பு எழுதினவங்களோடது.

— அம்மா, கண்ணத் தொடச்சுக்கினு முடிவா சொல்லுங்க. பொண்ணு பேரு நர்மதாவா, குணசுந்தரியா?

— பொண்ணு பேரு குணசுந்தரி. அதுல கைய வெக்காதீங்க. மேல, மாப்பிள்ளையோட அம்மா பேருதான் தப்பா கீது. அத எடுத்துட்டுத் திலகவதின்னு போடுங்கண்ணே.