பாதிப் பாட்டும் ஒரு கடிதமும்

கிஸ்லான்: இரும்மா, இரு! அணைக்காதே. இப்பத்தானே கிதார் ஆரம்பிக்குது...

பத்தூல்: காது கிழியுதுடி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஜும்ஆ நேரத்துல... பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?

கிஸ்லான்: பத்தூல் வீட்டுல நல்ல பாட்டு ஓடுதுன்னு நினைப்பாங்க.

பத்தூல்: ஆமாமா. தொழுகை முடிஞ்சு உங்கப்பா வந்துடுவாரு. அந்தப் பெட்டியை எடுத்த இடத்துலயே வை.

கிஸ்லான்: அதான் எனக்கு விளங்கலை. நான் கிதாரைத் தொட்டாலே "ஏன் பூனையைக் கொல்றே"ன்னு கேக்கற மனுஷன்... அவரு கட்டிலுக்கு அடியில முப்பத்தெட்டு கேசட்! அத்தனையும் ராக்! அத்தனையும் நம்ம ஊர்ப் பசங்க!

பத்தூல்: அப்பல்லாம் அவருக்கு முடி தோள் வரைக்கும் தொங்கும். நிக்காஹ் அன்னிக்கு எங்க தாத்தா, இதுல யாருப்பா மாப்பிள்ளைன்னு கேட்டாரு.

கிஸ்லான்: இதை ஏன் என்கிட்ட சொன்னதே இல்ல?

பத்தூல்: நீ கேட்டாத்தானே? பூசணியை நறுக்கு. வாய் பேசட்டும், கை வேலை செய்யட்டும்.

கிஸ்லான்: இப்ப ஓடறது "தார் ரோடு"ன்னு ஒரு குழு, ம்மா. இதோ, இங்க காசாபிளாங்காவுல, பழைய மார்க்கெட் பக்கத்துப் பசங்க. டிரம்ஸ்காரன் கதவை உடைக்கற மாதிரி அடிக்கறான். அப்புறம் "நாளைக்கு மழை". ரபாத்துக்காரங்க. அதுல ஆர்கன் வாசிக்கறது ஒரு பொண்ணு! எழுபத்திரெண்டுல! பதினஞ்சு வருஷமா மேடை ஏறி வாசிக்கறேன், இவங்க பேரை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல...

பத்தூல்: சின்னதா நறுக்காதே, கரைஞ்சிடும்.

கிஸ்லான்: ஆனா எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடறது இது. "உப்புக் காத்து". மொஹம்மதியா துறைமுகத்துப் பசங்க நாலு பேரு. நெட்டுல சல்லடை போட்டுத் தேடிட்டேன், பேரு கூட இல்ல. உலகத்துலயே இந்த ஒரு கேசட்தான் இருக்கும் போல.

பத்தூல்: எந்தக் கேசட்? ...பச்சை அட்டையா?

கிஸ்லான்: பச்சைதான். உனக்கு எப்படி—

பத்தூல்: குடு இங்க.

கிஸ்லான்: கையைத் துடைம்மா முதல்ல! கூஸ்கூஸ் ரவையா ஒட்டியிருக்கு.

பத்தூல்: குடுன்னா குடுடி!

கிஸ்லான்: ஏன் இப்படி வெளுத்துப் போறே? சொல்றதைக் கேளு... பாட்டு உச்சத்துக்குப் போகுது, பாடறவன் மூச்சை இழுக்கறான், டக்குன்னு நின்னுடுது. அதுக்கப்புறம் ஒரு பொண்ணு பேசறா.

பத்தூல்: என்ன பேசறா?

கிஸ்லான்: "பிஸ்மில்லா. ஏங்க, நான்தான். சிவப்பு லைட்டு எரியுது, எரிஞ்சா பதியுதுன்னு பக்கத்து வீட்டு நஜாத் சொல்றா."

பத்தூல்: யா அல்லாஹ்... போதும்.

கிஸ்லான்: ம்மா. அது நீதானே?

பத்தூல்: ...எவ்வளவு தூரம் கேட்டே?

கிஸ்லான்: முழுசா. "வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ்ல உங்க பங்கு இறைச்சியை உங்கம்மா ஓரமா ஒதுக்கி வைக்கறாங்க, பிள்ளை தூரதேசத்துல இருக்கான்னு. அவங்க கண் அசந்ததும் அதையும் நானே தின்னுடறேன். அப்பவும் பசிக்குது. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பத்தூல்: சிரிக்காதே! உங்க அண்ணன் வயித்துல அப்போ. கல்லைக் குடுத்தாலும் தின்னிருப்பேன்.

கிஸ்லான்: ஐயோ என் தங்கமே! ஆனா அந்தப் பாட்டை ஏம்மா அழிச்சே?

பத்தூல்: வேணும்னா அழிச்சேன்? உங்கப்பா பிரான்சுக்குக் கார் கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு. எனக்கோ எழுத்து தெரியாது. கடுதாசி எழுதறவன்கிட்டப் போய்ச் சொன்னா, சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும். அதனால எல்லா வீட்டுலயும் கேசட்டுல பேசித்தான் அனுப்புவோம்.

கிஸ்லான்: சரி, புதுசா ஒண்ணு வாங்கிப் பேசறது!

பத்தூல்: மாமியார்கிட்டக் கேட்கவா? பெட்டியில கைவிட்டேன். கீறல் இல்லாம பளபளன்னு இருந்தது இதுதான். புதுசு, ஒண்ணுமே பதியலைன்னு நினைச்சேன்.

கிஸ்லான்: கேசட் விளிம்புல இருக்கற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டையும் அப்பா உடைச்சு வெச்சிருக்காரே. உடைச்சிட்டா எதுவும் பதியாதே!

பத்தூல்: ஓட்டையில காகிதத்தை உருட்டி அடைச்சா பதியும்னு நஜாத் சொல்லிக் குடுத்தா. பாழாப்போறவ... பேசி முடிச்சிட்டு ஓட விட்டுப் பார்த்தேன். முதல்ல பசங்க கத்தறாங்க. அந்தப் பாட்டு! ரயில் ஏறப் போற அன்னிக்குக் காலையில காதுல வெச்சுக் கேட்டாரே, அதே பாட்டு! "இதை மட்டும் பத்திரமாப் பாத்துக்கோ"ன்னு என் கையில குடுத்துட்டுப் போனது. பெட்டிக்குள்ள மத்ததோட கலந்துடுச்சு, எனக்கு அடையாளம் தெரியலை.

கிஸ்லான்: அட்டையில எழுதியிருக்காரே... நீயே படி. இப்பத்தான் பள்ளிவாசல் வகுப்புல படிக்கக் கத்துக்கிட்டியே.

பத்தூல்: கண்ணாடி எங்க... அ... அழி... "அழிக்காதே."

கிஸ்லான்: ம்.

பத்தூல்: இதுவா எழுதியிருந்துச்சு? அம்பது வருஷமா நான் இதைக் கேசட் கம்பெனியோட பேருன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!

கிஸ்லான்: ஹா ஹா... ம்மா, என்னால முடியலை!

பத்தூல்: சிரி, சிரி. பயத்துல அனுப்பவே இல்ல. கம்பளி மெத்தைக்குள்ள வெச்சுத் தெச்சுட்டேன். அடுத்த கோடையில, உங்கப்பா லீவுல வந்திருந்தப்போ, கம்பளியை அலச மெத்தையைப் பிரிச்சா, கேசட்டைக் காணோம். மாமியார் பார்த்துத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன். உங்கப்பா கேட்டப்பவும் அதையே சொல்லிட்டேன். "உங்கம்மாதான் எறிஞ்சுட்டாங்க"ன்னு.

கிஸ்லான்: அடப்பாவி! பாட்டி செத்து இருபது வருஷம் ஆச்சு, இன்னும் அந்தப் பழியைச் சுமக்கறாங்க.

பத்தூல்: பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனா இது அவரு பெட்டிக்குள்ள எப்படிடி வந்துச்சு?

கிஸ்லான்: வீடு மாத்தினப்போ நீயே அள்ளிப் போட்டிருப்பே.

பத்தூல்: கிஸ்லான், உனக்குக் கோடிப் புண்ணியம். அவரு இதை மட்டும் கேக்கக் கூடாது. அந்த மனுஷன் ஆசையா வெச்சிருந்தது இது ஒண்ணுதான். அதை அழிச்சதும் இல்லாம பொய் வேற... இந்த வயசுல அவரு முகம் கோணினா என்னால தாங்க முடியாது.

கிஸ்லான்: எனக்கு மீதிப் பாட்டு வேணுமேம்மா! எங்க குழுவுல வாசிக்கலாம்னு... ஐயோ, படியில சத்தம்.

பத்தூல்: ரவைச் சட்டிக்குப் பின்னால போடு! சீக்கிரம்!

மெக்கி: அஸ்ஸலாமு அலைக்கும். தெருமுனை வரைக்கும் "தார் ரோடு" கேக்குது. பெட்டியை உடைச்சாச்சா?

கிஸ்லான்: திறந்துதான் இருந்துச்சு, அப்பா. இத்தனை வெச்சுக்கிட்டு, என்னைப் பூனையைக் கொல்றேன்னு சொன்னீங்களே!

மெக்கி: மோசமா வாசிச்சா சும்மா விட்டிருப்பேன். கிட்டத்தட்ட நல்லா வாசிச்சே, அதான் திட்டினேன்.

கிஸ்லான்: பாத்தியாம்மா, பாராட்டை!

மெக்கி: எல்லாத்தையும் கேட்டியா? பச்சை அட்டை ஒண்ணு இருக்குமே...

பத்தூல்: அதைத்தான் உங்கம்மா எறிஞ்சுட்டாங்களே! உட்காருங்க, ஆறிடப் போகுது.

மெக்கி: ஆமாமா... மறந்துட்டேன். பாவம் அம்மா.

கிஸ்லான்: அப்பா, அந்த "உப்புக் காத்து" பாட்டு... உங்களுக்கு முழுசா ஞாபகம் இருக்கா?

மெக்கி: அதோட பேரு உனக்கு எப்படித் தெரியும்?

பத்தூல்: மோர் எடுத்துட்டு வாடி!

கிஸ்லான்: வந்து... எங்கயோ கேள்விப்பட்டேன்.

மெக்கி: கடைசி வரி வரைக்கும் இருக்கு. சாப்பிட்டுட்டுப் பாடறேன், கிதாரை எடுத்து வை. பத்தூல், இந்தா, இந்தத் துண்டு உனக்கு.

பத்தூல்: வாரா வாரம் உங்க இறைச்சியை என் பக்கமே தள்ளுங்க! பல்லு சரியில்லன்னு சொல்லுவீங்க. இப்பத்தான் புதுப் பல்லு கட்டி நாலு மாசம் ஆச்சே, நீங்களே சாப்பிடுங்க.

மெக்கி: பழைய பல்லும் இறைச்சி மெல்ற அளவுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

பத்தூல்: அப்புறம் எதுக்காம் இத்தனை வருஷமா?

மெக்கி: அந்தக் கோடையில முதல்ல மெத்தையைப் பிரிச்சது நான்தான், பத்தூல். "உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க"ன்னியே... அவங்க கண்ணை மூடற வரைக்கும் நான் சொல்லவே இல்ல. சாப்பிடு.