விருந்தாளியிடம் குறை சொல்லாதவர்கள்

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அன்புக்குரிய இரத்தினவேல் அண்ணை அவர்களே, அரசின் சுற்றுலா அலுவலகத்திலிருந்து வருகை தந்து முன்வரிசையில் முகமலர்ந்து வீற்றிருக்கும் கரோலின் அம்மையாரே, இந்த ஆங்கிலப் பள்ளியின் அதிபர் சுந்தர் அவர்களே, அஜக்ஸ் நகரிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலில் நெளிந்து வந்து சேர்ந்த நண்பர்களே, தொழிற்சாலை வேலை முடிந்த கையோடு மல்வேர்ன் பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கும் என் மாலை வகுப்புத் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் தவமணியின் தாழ்மையான வணக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். வாழ்த்த வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் வாய் திறந்தால் வாழ்த்து வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வருகிறது. பொறுத்தருள வேண்டும்.

எதற்காக இந்த விழா? நம்முடைய சின்னஞ்சிறு பள்ளிக்கு அரசின் ஆதரவு கிடைத்திருக்கிறது. ஆங்கிலம் கற்க வாருங்கள், அருவியும் பாருங்கள் என்று அயல்நாடெங்கும் அரசே நம் பள்ளியை விளம்பரம் செய்யப் போகிறது. காலையில் இலக்கணம், மதியம் நயாகரா, மாலையில் அரட்டை வகுப்பு. வரட்டும். வருகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். மொழியைத் தேடி வருகிறவரை வெறுப்பதற்கு நான் யார்?

ஆனால் அந்த அரட்டை வகுப்பு எந்த அறையில் நடக்கப் போகிறது தெரியுமா? எங்கள் அறையில். சுந்தர் மனமுவந்து மாலை நேரத்தில் தாய்மாருக்கு ஒதுக்கித் தந்த அதே அறையில். நாளை முதல் அது சுற்றுலா வந்தவர்களுக்கு. சுந்தர், நீங்கள் தலையைக் குனியாதீர்கள். பள்ளியை மூடும் நிலையில் இருந்தீர்கள், ஒரு கை நீண்டது, பற்றிக்கொண்டீர்கள். உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அங்கே என் மாணவி ஒருவரின் மகன் திலக்சன் ஏதோ கேட்கிறார். "ஒன்லைனில படிக்கலாம்தானே ரீச்சர்?" படிக்கலாம், தம்பி. ஆனால் திரையில் தெரிகிற மனிதர் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு விளங்கவில்லை போலிருக்கிறதே, இன்னொரு முறை சொல்லட்டுமா என்று கேட்பாரா?

என் வகுப்பில் சந்திரவதனா என்றொரு தாய் இருக்கிறா. அதோ, தூணருகே. அவவின் அனுமதியோடுதான் சொல்கிறேன். நாள் முழுக்க ரொட்டித் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, காலில் மா படிந்த சப்பாத்தோடு வகுப்புக்கு வருவா. ஏன் அக்கா இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவ சொன்னதைக் கேளுங்கள்.

"ரீச்சர், எனக்கு உடம்பில வருத்தம் கண்டு கனகாலம். டொக்டர் நிறையக் கதைக்கிறார். மகள் கௌசி எனக்கு ஒரு வசனம்தான் தமிழில திருப்பிச் சொல்லுறாள். சொல்லேக்க என்ர முகத்தைப் பாக்கிறாளில்லை. மிச்சத்தை நான் என்ர காதால கேக்கவேணும்."

அவையோரே, அந்த மிச்சத்தில் என்ன இருக்கிறது? அதில்தான் அவவின் ஆயுள் இருக்கிறது. உல்லாசமாய் வருகிற பிள்ளை கோப்பி வாங்க ஆங்கிலம் பழகுகிறது. இந்தத் தாய் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அறிய ஆங்கிலம் பழகுகிறா. அவர்களுக்கு அது விடுமுறை, இவவுக்கு அது விதி. இரண்டும் ஒன்றா? ஒரே தராசில் வைக்கலாமா? வைத்துவிட்டோமே.

யார் வைத்தது? அரசா? அப்படிச் சொன்னால் எனக்கு மனம் ஆறும். ஆனால் உண்மை அதுவல்ல.

கரோலின் அம்மையார் நேர்மையானவர். முடிவெடுக்கும் முன் எங்கள் வகுப்புக்கே வந்தார். ஒவ்வொருவராய்ப் பார்த்து, நிறுத்தி நிதானமாய், இந்த வகுப்பு நின்றுபோனால் உங்களுக்குச் சிரமமா என்று கேட்டார். கேள்வி எல்லோருக்கும் விளங்கியது. சந்திரவதனாதான் முதலில் எழுந்தா. அழகான ஆங்கிலத்தில் சொன்னா: "நோ புரொப்ளம், மடம். யூ ஆர் வெல்கம்." அவவைத் தொடர்ந்து வகுப்பு முழுவதும் அதையே சொன்னது. சிரித்துச் சிரித்துச் சொன்னது.

அவர் போனபின் கேட்டேன், ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று. "எங்களைத் தேடி வந்த மனுசி, ரீச்சர். வந்தவவிட்டைக் குறை சொல்லுறதே? அவ எங்களைப் பற்றி என்ன நினைப்பா?"

சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். இதைச் செய்யாதவர் இந்த மண்டபத்தில் யார்? வீடு ஒழுகும்போது வந்தவரிடம் வசதியாய் இருக்கிறோம் என்றவர்கள் நாம். வேலை பறிபோன அதே கிழமையில் வந்தவருக்கு விருந்து வைத்து விடை கொடுத்தவர்கள் நாம். பண்பு என்றோம், பெருமை என்றோம், பரம்பரை என்றோம். அந்தப் பண்பே நம் கழுத்தை நெரிக்கிறது, அப்போதும் நாம் புன்னகைக்கிறோம்.

நான் கரோலின் அம்மையாரின் அலுவலகத்துக்குப் போய் வாதாடினேன். கனிவாகத்தான் பதில் சொன்னார். படிப்பவர்களே சிரமமில்லை என்று சொல்லிவிட்டார்கள், அவர்களில் ஒருவர் தன் வாயால் வகுப்பு வேண்டும் என்று சொன்னால் இன்றைக்கும் மாற்றத் தயார் என்றார். ஒருவர் போதும். ஒரு வசனம் போதும். ஒரு கிழமையாக அந்த ஒரு வசனத்தைத்தான் வகுப்பில் படிப்பித்தேன். எல்லோருக்கும் மனப்பாடம். சந்திரவதனாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

தலைவர் மெல்லச் சொல்கிறார்: "ரீச்சர், அம்மையாருக்குத் தமிழ் விளங்காது. ரெண்டு வசனம் இங்கிலீசில சொல்லிவிடுங்கோ."

சொல்லலாம், அண்ணை. ஆனால் நான் சொல்லிப் பயனில்லை. சொல்ல வேண்டியவ தூணருகே இருக்கிறா. அக்கா, எழும்புங்கோ. அம்மையார் உங்களுக்கு முன்னால்தான் இருக்கிறா. கோபிக்க மாட்டா. உங்கள் உயிருக்காகக் கேளுங்கோ.

எழுந்துவிட்டா. அவையோரே, எழுந்துவிட்டா. வழி விடுங்கள். முன்வரிசைக்கு வருகிறா. அம்மையாரும் கதிரையைத் திருப்பி அவவைப் பார்க்கிறார். கைதட்ட வேண்டாம், அவவைப் பேச விடுங்கள்.

பேசுகிறா. உங்களுக்குக் கேட்கிறதோ தெரியவில்லை, எனக்கு இங்கே தெளிவாகக் கேட்கிறது.

அம்மையாரின் தட்டு வெறுமையாக இருக்கிறதாம். இன்னொரு வடை வைக்கட்டுமா என்று கேட்கிறா.

பிழையே இல்லாத ஆங்கிலம். நான் படிப்பித்த ஆங்கிலம். அம்மையார் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். சந்திரவதனா தன் இடத்துக்குத் திரும்பிப் போகிறா.

இதற்கு மேல் நான் எதைச் சொல்ல? இவ்வளவு நேரம் காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. நாளை மாலை வகுப்பு இல்லை, தாய்மாரே. பஸ்ஸைத் தவறவிடாமல் நேரே வீட்டுக்குப் போங்கள். வணக்கம்.