ஐஸ் பேக்டரியின் மூளை

எண்ணூர் பஸ் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுபோயிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் பையிலிருந்து கரண்ட் டெஸ்டர் எட்டிப் பார்த்தது.

"ஐஸ் மெஷின் நம்முது, அதோட மூளை மட்டும் கம்பெனிக்காரனுதுன்னா நாயமாடி?" என்றாள் டெஸ்டர்காரி. அதற்கப்புறம் நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"அவன் பர்மிசன் இல்லாம மெஷின ஓட்டுற புரோகிராம்ல ஒரு வரி மாத்த முடியல. அத்த கடாசிட்டு, யார் வேணா தொறந்து பாத்து மாத்திக்கிற ஓசி சாப்ட்வேர்ல நானே புதுசா எழுதிட்டேன்."

"நீயேவா? கில்லாடிடி!"

"எழுதுனத அப்டியே நெட்லயும் போட்டுட்டேன்."

"லூசா நீ? எதிர் பேக்டரி எலக்ட்ரீசியன் எடுத்துக்கினா?"

"எடுத்துக்கினானே."

"அய்யய்யோ!"

"நான் வுட்ட தப்பு ஒண்ண கண்டுபுடிச்சு, சரிபண்ணி திருப்பிப் போட்டுக்கீறான்."

"இன்னா தப்பு?"

"கம்ப்ரசர் ரொம்ப சூடானா மெஷின் தானா நிக்கணும். நான் எழுதுனதுல நிக்காது. வெடிச்சிருக்கும்."

பஸ் நகர்ந்தது. தோழி அவள் பக்கம் திரும்பினாள்.

"அந்த கம்ப்ரசர் பக்கத்துலதானடி டெய்லி நான் நிக்கிறேன்."