நாலு மூலை மஞ்சள்

உள்ள வாம்மா சுடர்விழி, வாசல்ல நிக்கவெச்சே பேசி அனுப்பிட்டாளேன்னு ஊரு என்னைப் பேசும். பூதலூர்லேருந்து பஸ்ஸுலயா வந்தே? இந்தா, காப்பி குடி. டம்ளரை அந்த அட்டை மேல வெச்சுக்க, மேசையில தடம் விழுந்துரும்.

ஷோபனாவா? இங்க இல்லியே. கும்பகோணத்துல மாமியார் வீட்ல இருக்கா. ஏழாம் மாசம். வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. உன்னைக் கூப்புடல, சும்மா சொன்னேன்.

என்னது, எம்பொண்ணு விரும்பிக் கட்டிக்கிட்டாளான்னா கேக்குறே? பொய் எதுக்கு, விரும்பல. நர்சிங் படிக்கிறப்ப பொங்கலுக்கு அவகூட வந்தியே, ஞாபகம் இருக்கா? அவளுக்குத் தலை பின்னி விட்டே. நான் அடுக்களையிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சிநேகிதின்னா பின்னி முடிச்சதும் கையை எடுத்துருவா. உன் கை அவ கழுத்துலயே நின்னுச்சு. அவ கண்ணை மூடிக்கிட்டா. எனக்குக் கல்யாணமாயி முப்பது வருசம், ஒருநாளு ஒருபொழுது அப்புடிக் கண்ணு மூடுனதில்ல. அன்னிக்கே வயிறு எரிஞ்சுபோச்சு எனக்கு.

அப்பறம் என்ன, அவ போனைப் புடுங்குனேன். மந்திரிச்சுப் பாத்தேன். அடிச்சேன். ஆமா, அடிச்சேன், பெத்தவ அடிக்காம? அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க. இவ நகரல. சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு, சுடர் வந்து கூட்டிட்டுப் போவாங்கற ஒரே பேச்சு. உன் மேல அம்புட்டு நம்பிக்கை.

அழுவாதம்மா, காப்பி ஆறுது பாரு.

கடைசியா நல்லா இருன்னு ஒரே ஒரு மெசேஜ் போட்டுட்டு நம்பரையே மாத்திட்டாளா? போடுவா, போடுவா. அன்னிக்குத்தான் போனைத் திருப்பிக் குடுத்தேன். முந்துன நாளு உன் கல்யாணப் பத்திரிகைய அவகிட்ட காட்டியிருந்தேன்ல. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, தாம்பாளத்துல வெத்தலபாக்கோட வெச்சு, சுடரோட அப்பா வந்து குடுத்துட்டுப் போறாருன்னேன். மஞ்சள் தடவுன பத்திரிகைய எவளாவது சந்தேகப்படுவாளா? ரெண்டு தரம் படிச்சா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மறுநாளு அவளே மாப்பிள்ளை போட்டோவைக் குடும்மான்னு கேட்டா.

உனக்குக் கல்யாணமே ஆகலையா? தெரியுமே. அச்சாபீசுக்காரன் நூறுக்குக் கம்மியா அடிக்கவே மாட்டேன்னுட்டான். மிச்சம் அவ்வளவும் பரண்ல கெடக்கு. வீணாக்க மனசு வரல, இப்புடி டம்ளருக்கு அடியில போட்டுக்கறது. உன் டம்ளருக்குக் கீழ இருக்குறதும் அதுதான், திருப்பிப் பாரு.

உங்கப்பா பேரு இராஜாங்கம்தானே? சரியா அடிச்சிருக்கானா?