மாநிறத்துக்கு ஒரு வெயில்காலக் குறிப்பு

வெயில் காலத்தில் சன்ஸ்கிரீன் போடுகிறவர்கள் காதையும் கழுத்தையும் மறந்துவிடுகிறார்கள். மார்கழிப் பனியில் சோப்பைக் குறைத்து, குளித்த ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். புது கிரீம் எதுவானாலும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். பதினான்கு வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். என் யோசனையைக் கேட்டு நடந்த யாருக்கும் தோல் கெட்டதில்லை.

மௌனிகாவின் முகம் யோசனையால் கெடவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். அதைக் கேட்கத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் என்னிடம் வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

சத்தி ரோட்டில் என் பார்லர். தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்களும் மில்காரர் மனைவிகளும் வருவார்கள். காரை விட்டு இறங்கும்போதே கேட்பது ஒன்றுதான். ஒரு சுத்து கலர் ஏத்திவிட முடியுமா? காம்பவுண்டு சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதுபோல. வள்ளியாத்தாள் என்று ஒரு அம்மா, மகனின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மேக்கப் போட வந்தார். முகத்துக்கு மட்டும் போதும், கழுத்தைச் சேலை மறைத்துக்கொள்ளும் என்றார். மாவில் முக்கிய முகமும் கருங்கல் கழுத்துமாக ஹோமத்தில் உட்கார்ந்தார். சொந்தபந்தம் மொத்தமும் மகாலட்சுமி மாதிரி இருப்பதாகச் சொன்னது. இவர்களை மதிக்க என்னால் முடிந்ததில்லை. மதிக்காமலேயே அழகாக்கலாம். கை பழகினால் போதும்.

மௌனிகா சித்திரை முதல் வாரம் தன் அம்மாவோடு வந்தாள். வைகாசியில் அவிநாசியில் கல்யாணம். மாநிறம் என்று மரியாதைக்குச் சொல்லலாம், கறுப்பு. வழக்கம்போல அவள் நிறத்தைவிட மூன்று படி வெளுப்பான ஃபவுண்டேஷனைப் போட்டுப் பார்க்க எடுத்தேன். அவள் என் கையை மெதுவாக விலக்கினாள்.

"என்னோட கலர்லயே இருக்கட்டுங்க்கா. வேர்வையில ஒழுகாம இருந்தாப் போதும்."

"மாப்பிள்ளை ஊட்டுல ஏதாச்சும் நெனச்சுக்குவாங்க கண்ணு," என்றார் அம்மா.

"அவங்க பாத்துட்டுத்தானுங்ம்மா சரின்னாங்க. கல்யாணத்தன்னிக்கு வேற ஆளு வந்து உக்காந்தா அவரு எந்திரிச்சு ஓடிற மாட்டாருங்களா?"

என் பார்லர் பெண்கள்கூடச் சிரித்தார்கள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரும் கண்ணாடியில் குறையைத்தான் தேடுவார்கள். அவள் எதையும் தேடவில்லை. முன்முடியை ஒதுக்கிவிட்டுத் திருப்தியாக எழுந்தாள்.

எனக்கும் அதே நிறம்தான். என்னைப் பெண் பார்க்க ஏழு வீட்டார் வந்தார்கள். ஏழு வீட்டாரும் மிக மரியாதையாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, முகத்துக்கு இலவசமாக ஒரு கிளீனப் செய்துவிடுகிறேன் என்று அவளைக் கூப்பிட்டேன். நான் போட்டது கிளீனப் அல்ல. மேல்தோலை உரிக்கும் பீல். இந்த வெயிலில் அதைத் தொடவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்கிறவள் நான்தான். காதுக்குப் பின்னால் வைத்துப் பார்க்கவும் இல்லை. மூன்று நிமிடத்தில் கழுவிவிட வேண்டும்.

மூன்றாவது நிமிடம், "எரியுதா கண்ணு?" என்று கேட்டேன்.

"பரவாயில்லீங்க்கா."

ஆறாவது நிமிடம் கேட்டேன். அதே பதில். ஒன்பதாவது நிமிடம் கேட்டபோது அவள் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கால்விரல்கள் மடங்கியிருந்தன. அப்போதும் அதையேதான் சொன்னாள். பார்லரில் ஒவ்வொருவருக்கும் நிரப்பி வைக்கும் படிவத்தில், எரிச்சல் உண்டா என்ற கேள்விக்கு எதிரே அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அந்தப் படிவம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. வாசித்துவிட்டுச் சற்று முன் சொன்னீர்கள்: "அந்தப் பொண்ணே பரவாயில்லைன்னு சொல்லியிருக்கு. நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க? கவனக்குறைவுன்னு எழுதிக்கலாம்."

உங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிகிறது. அங்கே பரவாயில்லை என்றால் பரவாயில்லை. இந்த ஊரில் பத்து நாள் பழகிவிட்டு விசாரிக்க உட்கார்ந்திருக்கலாம். இங்கே செருப்புக் காலால் மிதித்தாலும் பரவாயில்லீங்க என்பார்கள். பந்தியில் சோறு தீர்ந்துபோனால் பரவாயில்லீங்க என்று சொல்லிப் பசியோடு எழுந்து போவார்கள். எரியாமல் இருந்திருந்தால் அவள் 'இல்லீங்க்கா' என்றிருப்பாள். பரவாயில்லீங்க என்றால் எரிகிறது, ஆனால் உங்களைச் சங்கடப்படுத்த மனமில்லை என்று அர்த்தம். இங்கே பிறந்த எனக்கு முதல் தடவையே அது புரிந்தது. பன்னிரண்டாவது நிமிடம்தான் கழுவினேன்.

ஆகவே கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். தொழிலில் நான் ஒரு நாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.

இரண்டு கன்னமும் வெந்துபோயின. கல்யாணம் நின்றது. நிறுத்தியது மாப்பிள்ளை அல்ல. மாப்பிள்ளை கிருபாசங்கர் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் அறை வாசலில் நிற்கிறானாம். அவள்தான் முகத்தைக் காட்ட மறுக்கிறாள். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவன்தான். மௌனிகாவின் அம்மாவுக்கு இன்னும் என்மேல் சந்தேகம் இல்லை. போன வாரம் எனக்குப் போன் செய்து, தொந்தரவு தருவதற்கு முதலில் வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் பேசினார்.

"புண்ணு ஆறுனதுக்கப்புறம் கொஞ்சம் வெள்ளையாக்கித் தர முடியுமான்னு அவ கேக்கச் சொல்றாளுங்க, அம்மணி."

முடியும் என்றேன். வெயில் தணிந்து மழை பிடித்ததும் அழைத்து வாருங்கள் என்றேன்.

மற்ற எல்லோரையும் போலத்தான் அவளும், மேடம். வாயைத் திறந்து கேட்கப் பன்னிரண்டு நிமிடம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.